விருந்தாளி வந்தால் பேசாத லேப்டாப்

"நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க ஓடுச்சு."

பாலக்கரையில் பழைய லேப்டாப்களைப் பழுது பார்க்கும் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காதில் விழுந்த முதல் வாக்கியம் இது. நான் ஓய்வு பெற்ற அன்று கடைசியாக வந்த வாடிக்கையாளரும் இதையேதான் சொன்னார். நேற்று வரைக்கும் நன்றாக ஓடாத மெஷின் ஒன்றைக்கூட என் வேலைக் காலத்தில் நான் பார்த்ததில்லை.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கடையின் வாட்ஸாப் குழு. கடையை விட்டு நான் வந்துவிட்டாலும் குழுவை விட்டு என்னை யாரும் நீக்கவில்லை. போன மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்த பிரவீணா கேட்டிருந்தார்: "அங்கிள், இன்டரப்ட் பிரச்சினைன்னா இப்பல்லாம் எரர் மெசேஜை ஏஐகிட்ட போட்டா ஒரு வரி குடுக்குது. அதைச் சேர்த்து பூட் பண்ணா மெஷின் ஓடுது. நீங்கல்லாம் ஏன் நாள்கணக்கா உட்கார்ந்தீங்க?"

நியாயமான கேள்வி. அந்தப் பெண் சொல்லும் வரி எனக்கும் தெரியும். அது வேலை செய்யும் என்பதும் தெரியும். ஆனாலும் ஏன் உட்கார்ந்தோம் என்பதைக் குழுவில் நாலு வரியில் சொல்ல முடியாது. அதற்கு மெஹருன்னிசா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்து வைதேகி டீச்சரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

நான் இந்தத் தொழிலுக்குப் படித்து வந்தவன் அல்ல. கேபிள் டிவிக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். மாடி மாடியாக ஏறி முழங்கால் கெஞ்சத் தொடங்கியபோது, ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தூக்கிப் போட வைத்திருந்த மெஷின் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்து பிரித்தேன். காசு கொடுத்து வாங்கும் சிஸ்டம் எதுவும் அதில் ஏறவில்லை. யாரோ புண்ணியவான்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்த லினக்ஸ் ஏறியது. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, தப்பாகச் செய்து, திரும்பச் செய்து கற்றுக்கொண்டேன். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். எனக்கு இது மட்டும் புளிக்கவில்லை.

இன்டரப்ட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கணினியின் மூளை ஒவ்வொரு உறுப்பாகப் போய் "உனக்கு ஏதாவது வேண்டுமா" என்று கேட்டுக்கொண்டே இருக்க முடியாது. கீபோர்டில் விரல் பட்டால் கீபோர்டுதான் மணி அடித்துக் கூப்பிட வேண்டும். அந்த மணிதான் இன்டரப்ட். பழைய லேப்டாப்களில் மணிக் கம்பிகள் குறைவு; நாலைந்து உறுப்புகள் ஒரே கம்பியைப் பங்கு போட்டுக்கொள்ளும். எங்கள் பக்கத்துச் சந்துகளில் நாலு குடித்தனத்துக்கு ஒரே காலிங் பெல் இருக்குமே, அப்படி. மணி அடித்தால் ஒவ்வொரு வீட்டாரும் எட்டிப் பார்த்து, தங்களுக்கு இல்லையென்றால் உள்ளே போய்விடுவார்கள். யாருக்குமே இல்லாமல் அது ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால்? யாராவது ஒருவர் எரிச்சலில் ஒயரைப் பிடுங்கி விடுவார். அதற்குப் பிறகு உண்மையான விருந்தாளி வந்து அமுக்கினாலும் எந்த வீட்டிலும் கேட்காது. லினக்ஸும் அதையேதான் செய்யும். "இந்தக் கம்பியில் வரும் மணியை யாரும் கவனிக்கவில்லை, நிறுத்துகிறேன்" என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டு நிறுத்திவிடும். அந்தக் கம்பியில் இருக்கும் நல்ல உறுப்புகளும் சேர்ந்து செத்துப்போகும்.

இதை நான் முசிறி வாழை மண்டிக்காரர் ஒருவருக்கு விளக்கியபோது அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "எள்ளுதாங்க எண்ணெய்க்குக் காயுது. எலிப்புழுக்கை எதுக்குக் காயணும்?" பகிர்ந்த இன்டரப்டுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

அந்த மண்டிக்காரர் விஷயத்தில்தான் மேடத்தை நான் முதன்முதலில் புரிந்துகொண்டேன். மேடம் என்னைவிட வயதில் ரொம்பச் சிறியவர். இன்ஜினியரிங் முடித்து, ஒரு தொழிற்சாலையில் அளவைக் கருவிகள் பிரிவில் இருந்துவிட்டு, பாலக்கரையில் அவருடைய அத்தாவின், அதாவது அப்பாவின், கட்டடத்தில் இந்தக் கடையைத் தொடங்கியவர். பழைய மெஷின்களை வாங்கி, லினக்ஸ் ஏற்றி, பள்ளிக்கூடத்துக்கும் மண்டிக்கும் சின்னச் சின்ன ஆஸ்பத்திரிக்கும் கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் கடையின் வேலை. டீ கொண்டுவருபவரிலிருந்து எல்லாரிடமும் "வாங்க, சொல்லுங்க" என்றுதான் பேசுவார். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும், இவருக்கு இறங்கும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தால் மேடம் கோபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம்.

மண்டிக்காரரின் லேப்டாப்பை வேறெங்கோ ஒரு கடையில் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். மெஷின் அடிக்கடி ஸ்தம்பித்து நின்றதால், மின்சார மேலாண்மையையே மொத்தமாக அணைக்கும் ஒரு வரியைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஸ்தம்பிப்பது நின்றது. கூடவே உள்ளே விசிறியும் ஒழுங்காகச் சுற்றாமல் போனது. "தோசைக்கல்லு மாதிரி காயுதுங்க. பில் போடவா, தோசை ஊத்தவா?" என்றார் மனிதர்.

மேடம் அந்த வரியை எனக்குக் காட்டி, காதைத் தீட்ட வேண்டிய குரலில் சொன்னார்: "இது வைத்தியம் இல்லைங்க ராஜேந்திரன். அழுவுற புள்ளை வாயைப் பொத்துறது."

அவர் வேலை செய்யும் விதத்தை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். முதலில் வாடிக்கையாளர் பேசி முடிக்கும்வரை மெஷினைத் திறக்க மாட்டார். மனிதர் மகள் கல்யாணம் வரைக்கும் போனாலும் சரி, கேட்பார். பிறகு மெஷினை ஓடவிட்டு, எந்தக் கம்பியில் எத்தனை மணி அடித்திருக்கிறது என்று லினக்ஸே காட்டும் எண்ணிக்கையைப் பார்ப்பார். உடனே எதுவும் சொல்ல மாட்டார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பார்ப்பார். "எவ்வளவுன்னு பார்க்காதீங்க. எவ்வளவு கூடுச்சுன்னு பாருங்க" என்பார். தேங்கி நிற்கும் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதவர்கள் இந்தத் தொழிலில் குறைவு. அடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழற்றுவார். கழற்றியதை ஒரு எவர்சில்வர் தட்டில் வைப்பார். பிரச்சினை போய்விட்டதென்றால் நானாக இருந்தால் மூடிக் கொடுத்துவிடுவேன். மேடம் அங்கேதான் வேலையைத் தொடங்குவார். கழற்றியதைத் திரும்ப மாட்டுவார். பிரச்சினை திரும்ப வர வேண்டும். வராவிட்டால் நாம் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள்.

"வரவழைக்கத் தெரியாத பேயை ஓட்டுனேன்னு சொல்லாதீங்க" என்பது அவர் வாசகம். எங்கள் கடையில் திருக்குறள் மாதிரி.

மண்டிக்காரர் மெஷினில் பேய், சார்ஜர் செருகும் ஓட்டையில் இருந்தது. உள்முனை தளர்ந்துபோய், கரண்ட் வருகிறது, போகிறது, வருகிறது, போகிறது என்று மெஷின் ஒவ்வொரு தடவையும் மணி அடித்துக்கொண்டிருந்தது. சார்ஜர் முள்ளை லேசாக ஆட்டியதும் எண் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஓட்டையை மாற்றி, அந்தப் பொத்திய வரியை எடுத்தோம். விசிறி சுற்றியது. மண்டிக்காரர் அடுத்த வாரம் ஒரு சீப்பு ரஸ்தாளி கொடுத்தனுப்பினார்.

மேடத்திடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. வரும் மெஷினை முதல் காரியமாகச் சுத்தமாகத் துடைத்து வைப்பது. வெளிப்பக்கம், விளிம்பு, கீபோர்டு பொத்தான்களின் இடுக்கு எல்லாம். "வீட்டுக்கு வந்தவங்களுக்குக் கை கழுவத் தண்ணி குடுக்கிற மாதிரி" என்பார். வாடிக்கையாளர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். ரிப்பேர் ஆகாவிட்டாலும் புதிசு போல ஆகிவிட்டதே என்று சந்தோஷமாகப் போனவர்கள் உண்டு.

இனி வைதேகி டீச்சர்.

செல்வி என்ற பெண் ஒரு துணிப்பையில் லேப்டாப்பைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். திருவானைக்காவல்காரர். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டு ஃபிளாட் ஒன்றில், ஒரு கணக்கு டீச்சரைப் பார்த்துக்கொள்கிறார். டீச்சருக்கு நரம்பு நோய். கை கால் போய், பேச்சும் போய்விட்டது. வலது கட்டைவிரல் மட்டும் அசையும். அந்த விரலுக்கடியில் ஒரு பொத்தான். திரையில் எழுத்துகள் வரிசையாக ஒளிர்ந்துகொண்டே போகும். வேண்டிய எழுத்து வரும்போது அழுத்தினால் அது பதியும். வாக்கியம் முடிந்ததும் மெஷின் வாய்விட்டுச் சொல்லும். எல்லாம் லினக்ஸில், இலவச மென்பொருளில்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று செல்வியும் தொடங்கினார். "பாதி வாக்கியத்துல பொத்தான் வேலை செய்ய மாட்டேங்குது மேடம். மத்ததெல்லாம் ஓடுது. அணைச்சுப் போட்டாலும் அன்னைக்கு முழுக்கச் சரியா வர்றதில்ல. மறுநாள் நல்லா இருக்கு. இதுல ஒரு கூத்து, விருந்தாளி யாராவது வந்தாப் பெரும்பாலும் இப்படி. அதுலயும் டீச்சரம்மாவோட அண்ணன் வந்தா நிச்சயம்."

மேடம் சிரிக்காமல் கேட்டார்: "அண்ணன் எங்கேருந்து வராரு?"

"பெங்களூருங்க. வர்ற ஞாயித்துக்கிழமை வராரு. இந்தத் தடவை அம்மாவைக் கூட்டிட்டுப் போறதுக்கு. ஃபிளாட்டையும் வித்துடலாம்ங்கிறாரு. நல்லவருதான் மேடம், தங்கச்சி மேல உசிரு. ஆனா அம்மாவுக்குப் போக இஷ்டமில்ல. போன ரெண்டு தடவையும் சொல்ல ஆரம்பிச்சாங்க, இது வாயை மூடிக்கிச்சு. அவரே மீதியைச் சொல்லி முடிச்சுக்கிட்டு, 'சரின்னுட்டா'ன்னு கிளம்பிட்டாரு." செல்வி பையின் காதைத் திருகினார். "இது இங்க இருந்தா அங்க அம்மாவுக்குப் பேச்சே இல்ல. எழுத்து அட்டையைக் காட்டி நான் ஒவ்வொண்ணா சொல்லணும், அவங்க கண்ணைச் சிமிட்டணும். மூணாவது எழுத்துக்குள்ள எனக்குப் பொறுமை போயிடுது. சீக்கிரம் குடுத்துடுங்க."

மெஷினைத் துடைத்தோம், ஓடவிட்டோம். கல்லுக்குண்டு மாதிரி ஓடியது. பழைய பதிவுகளைப் பார்த்தால் காரணம் கண்ணாடி மாதிரி தெரிந்தது: பதினாறாம் கம்பியை லினக்ஸ் நிறுத்தியிருக்கிறது. டீச்சரின் பொத்தான் செருகும் யூஎஸ்பி அந்தக் கம்பியில்தான். முன்விளிம்பில் இருக்கும் மெமரி கார்டு பள்ளமும் அதே கம்பியில்தான். பள்ளத்தைக் கவனிக்கும் டிரைவர் என்ற மென்பொருளை யாரோ ஒரு மெக்கானிக், யாரும் பயன்படுத்தவில்லையே என்று, முன்பே நிறுத்திவைத்திருந்தார். ஆக, பள்ளம் மணி அடித்தால் கேட்க ஆள் இல்லை. ஆனால் வெறும் பள்ளம் ஏன் மணி அடிக்க வேண்டும்? எங்கள் மேசையில் அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

"மேடம், பிரவீணா வரி" என்று நான் அன்று சொல்லவில்லை. பிரவீணா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார். ஆனால் அதே வரியைத்தான் சொன்னேன். யார் அடித்தது என்று தெரியாத மணிக்கு எல்லா வீட்டையும் தட்டிப் பார்க்கச் சொல்லும் வரி. போட்டால் பொத்தான் சாகாது.

மேடம் போட்டுக் காட்டினார். பொத்தான் சாகவில்லை. ஆனால் திரையில் ஒளிர்ந்து நகரும் எழுத்து, மணி கூடும்போது திக்கும் என்று, செயற்கையாக ஒரு சுமையைக் கொடுத்துக் காண்பித்தார். க, ங, ச என்று ஒரே தாளத்தில் போக வேண்டியது நொண்டி நொண்டிப் போயிற்று.

"அவங்க விரலுக்குத் தாளம் முக்கியம்ங்க. தாளம் தப்பினா வேற எழுத்துல விழும். அழிச்சு அழிச்சு எழுதுறதுக்குள்ள அண்ணன் முடிச்சுடுவாரு." டிரைவரை மட்டும் திறந்துவிடலாமே என்றேன். "அதையும் செய்வோம். ஆனா மணியை அடிக்கிறது யாருன்னு தெரியாம செஞ்சா, ஞாயித்துக்கிழமை என்ன ஆகும்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

மாற்று மெஷின் ஒன்றும் கொடுத்துப் பார்த்தோம். டீச்சர் சேர்த்து வைத்திருந்த சொற்கள் அதில் ஏறவில்லை. பழக வாரக்கணக்கில் ஆகும் என்று பழையதையே திருப்பிக் கேட்டுவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை மறுபடி நின்றது. செல்வி மறுபடி வந்தார். மறுபடி துடைத்தோம். மறுபடி கல்லுக்குண்டு.

மேடம் எவர்சில்வர் தட்டைத் தள்ளி வைத்தார். "பேய் அங்கதான் வருது. நாமளும் அங்கயே போயிடுவோம். ஞாயித்துக்கிழமை, அண்ணன் வர்றதுக்கு முன்னாடி."

பஸ்ஸில் போகும்போது நான் கேட்டேன்: "கண்டுபிடிக்க முடியலைன்னா?"

"இன்ஷா அல்லாஹ்" என்றார். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது.

சாய்வு நாற்காலியில் டீச்சர் இருந்தார். மெல்லிய முகம். கண்களில் மட்டும் ஒரு வகுப்பறையை அடக்கும் அதிகாரம். கட்டைவிரல் அசைந்தது. சிறிது நேரம் கழித்து மெஷின் பேசியது. ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்புக்கு ஜலதோஷம் பிடித்தது போன்ற குரல்: "உட்காருங்கள். செல்வி காபி தருவாள். வேண்டாம் என்றால் விட மாட்டாள்."

எழுதுவதைத்தான் மெஷின் படிக்கும் என்பதால் அவர் பேச்சு முழுக்க அச்சுத் தமிழ். கேட்கக் கேட்க எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மேடம் மெஷினின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் மணி எண்ணிக்கையை ஓடவிட்டார். பதினாறாம் கம்பி அமைதியாக இருந்தது. டீச்சர் விரலை அழுத்தினால் அசைந்தது, நிறுத்தினால் நின்றது.

"செல்வி, நாங்க இங்க இல்லைன்னு நினைச்சுக்கோங்க. அண்ணன் வர்ற அன்னைக்கு என்னென்ன செய்வீங்களோ, அத்தனையும் செய்யுங்க."

"நீங்க பார்த்துட்டே இருந்தா எனக்குக் கூச்சமா இருக்கு மேடம்."

"ராஜேந்திரன் சார் பேப்பர் படிப்பாரு. நான் காபி குடிக்கிறேன்."

செல்வி அறையைப் பெருக்கினார். எண் அசையவில்லை. மின்விசிறியைக் கூட்டினார், ஜன்னலைத் திறந்தார், பக்கத்துச் சுவிட்சில் மிக்ஸியைப் போட்டுச் சட்னி அரைத்தார். மிக்ஸியாகத்தான் இருக்கும் என்று நான் மனசுக்குள் பந்தயம் கட்டினேன். எண் அசையவில்லை. டீச்சருக்குத் தலை வாரிப் பூ வைத்தார். டீச்சர் ஏதோ வாக்கியம் எழுதிக்கொண்டிருந்தார். செல்வி ஒரு சின்னக் கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தார். டீச்சர் நெற்றியில் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். சந்தனத்தை மறுபடி தொட்டுக் குனிந்து, லேப்டாப்பின் முன்விளிம்பில் ஒரு பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

எண் பிய்த்துக்கொண்டது. வைகுண்ட ஏகாதசிக்குக் கதவு திறந்ததும் பாயும் கூட்டம் மாதிரி ஓடியது. ஓடி, சட்டென்று நின்றது. டீச்சரின் விரல் அழுத்தியது. எழுத்து விழவில்லை. மறுபடி அழுத்தியது. விழவில்லை.

மேடம் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "செல்வி, இப்ப என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலையே மேடம்."

அவர் பொய் சொல்லவில்லை. பொட்டு வைப்பது அவர் கணக்கில் ஒரு செயல் அல்ல. மூச்சு விடுவதைப் போல. அதனால்தான் இத்தனை நாள் நாங்கள் துருவித் துருவிக் கேட்டும் அது அவர் வாயில் வரவில்லை.

"லேப்டாப்புக்குப் பொட்டு வச்சீங்களே."

"ஆமாம். வெள்ளிக்கிழமை வைப்பேன். விருந்தாளி யாராவது வந்தாலும் வைப்பேன். அம்மாவோட வாய் இதுதானேங்க. அவங்களுக்கு வச்சுட்டு இதை மட்டும் மூளியா விடுவேனா?"

பொட்டு விழுந்த இடத்துக்கு நேர் கீழே கார்டு பள்ளம். ஈரச் சந்தனம் விளிம்பில் வழிந்து உள்ளே இறங்கியிருந்தது. கார்டு வந்திருக்கிறதா என்று பார்க்கும் இரண்டு சின்னத் தகடுகள் பள்ளத்துக்குள் உண்டு. ஈரம் அவற்றைத் தொட்டதும் பள்ளம், கார்டு வந்தது, போனது, வந்தது, போனது என்று மணி அடித்திருக்கிறது. கேட்க ஆள் இல்லை. காய்ந்துவிட்டால் அமைதி. எங்களிடம் வருவதற்குள் காய்ந்துவிடும். மிச்சம் ஒட்டியிருந்ததை நாங்களே மரியாதையாகத் துடைத்தும் விடுவோம்.

செல்விக்கு விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா வாயை நான்தான் அடைச்சேனா?" என்று டீச்சரின் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

மேடமும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "இங்க பாருங்க. நீங்க பொட்டோட அனுப்புனீங்க. நாங்க ரெண்டு தடவையும் துடைச்சுட்டுப் பார்த்தோம். துடைக்காம பார்த்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். துடைக்கச் சொல்லிப் பழக்கினது நான். தப்பு எங்க கடையோடது." குரல் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. சாதாரணமாகச் சொன்னார். தன் பேரில் ஒரு தப்பை எழுதிக்கொள்ளும்போது அவ்வளவு சாதாரணமாக இருந்த ஒரு மேலதிகாரியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

பிறகு பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்து, பள்ளத்தைச் சுத்தம் செய்து, உலர்த்தி, மெஷினை அணைத்துப் போட்டார். எண் அமைதி. நான் நிம்மதியாக எழுந்தேன்.

"செல்வி, இன்னொரு தடவை பொட்டு வையுங்க" என்றார் மேடம்.

"ஐயோ, மாட்டேன் மேடம்."

"மேடம், அண்ணன் வர்ற நேரமாச்சு" என்றேன் நான். "அதான் கண்ணால பார்த்துட்டோமே."

"ஒரு தடவை பார்த்தோம். திரும்ப வரட்டும்."

செல்வி வைத்தார். எண் ஓடியது, நின்றது. பொத்தான் செத்தது. மேடம் தலையை ஆட்டிக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ். இதேதான்."

அடுத்து எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. மறுபடி சுத்தம். பள்ளத்தின் வாயில் பிளாஸ்டிக் அட்டையைச் செருகி, மேலே கண்ணாடி டேப். நிறுத்திவைத்திருந்த டிரைவரைத் திறந்துவிட்டு, இனி அந்தப் பள்ளம் எப்போது கூப்பிட்டாலும் கேட்க ஆள் இருக்கும்படி செய்தார். செல்வி, இனி இந்தப் பக்கமே சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவர மாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

மெஷின் பேசியது. "பொட்டு வேண்டும். இடத்தை மாற்று."

மேடம் லேப்டாப்பின் மூடிக்குப் பின்புறத்தைக் காட்டினார். ஒரு ஓட்டை, ஒரு இடுக்கு இல்லாத இடம். செல்வி அங்கே, நட்ட நடுவில், பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். இப்போது அது வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

காலிங் பெல் அடித்தது.

அண்ணன் பெரிய உருவம். கையில் பழக்கூடை. வந்ததும் தங்கையின் நெற்றியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "எப்படிடி இருக்கே? இளைச்சுட்டே. பரவாயில்ல, இனிமே கவலையில்ல. நாளைக்குக் கார்த்தால வண்டி வரும். அங்க உனக்குன்னு ரூம் பண்ணியிருக்கேன். பகலுக்கு ஒரு நர்ஸ், ராத்திரிக்கு ஒரு நர்ஸ். ஜன்னலைத் திறந்தா மரம்."

டீச்சரின் விரல் அசையத் தொடங்கியது. க, ங, ச. தாளம் தப்பவில்லை.

"நான்" என்று திரையில் விழுந்தது.

"தெரியும்டி. நான் உனக்குப் பாரமா இருப்பேன்னு நினைக்கறே. அசடு. உன் மன்னி பாவம், அவளே உன்னை அழைச்சுண்டு வரச் சொல்லிட்டா." எங்களைப் பார்த்து விளக்கினார்: "இவ மனசு நேக்குத் தெரியும். சின்ன வயசுலேருந்தே சொல்லாமலே தெரியும்."

விரல் நிற்கவில்லை. அண்ணன் பேச, அது பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது. அவர் ஃபிளாட்டுக்கு ஆள் பார்த்துவிட்டதைச் சொன்னார். சாமான்களை என்ன செய்வது என்று சொன்னார். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் டீச்சர் முகத்தையும் பார்க்கவில்லை, அண்ணன் முகத்தையும் பார்க்கவில்லை. பதினாறாம் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். புடவைத் தலைப்பை ஒரு கையில் இறுகப் பிடித்திருந்தார். அவருக்கும் பயம் உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஜலதோஷக் குரல், அண்ணனின் பேச்சுக்கு நடுவில், யார் அனுமதியும் கேட்காமல் பேசியது.

"நான் வரவில்லை அண்ணா. செவ்வாய், வியாழன் நாலு பிள்ளைகள் என்னிடம் கணக்குக்கு வருகிறார்கள். உன் வீட்டில் நான் நோயாளி. இங்கே நான் டீச்சர்."

அண்ணன் பழக்கூடையை இன்னும் கையில்தான் வைத்திருந்தார். செல்வி மெதுவாக வந்து அதை வாங்கிக்கொண்டார்.

"நிஜமாவா?" என்றார் அவர். டீச்சரைப் பார்த்தல்ல, செல்வியைப் பார்த்து. "கணக்கு சொல்லித் தராளா?"

"ஆமாங்கய்யா. மெஷின்தான் படிக்கும். தப்பாப் போட்டா திட்டும் விழும். பிள்ளைங்க கெடக்கும் நடுங்கிக்கிட்டு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

விரல் மறுபடி அசையத் தொடங்கியது. "சொல்ல" என்று திரையில் விழுந்தது.

அண்ணன் வாயைத் திறந்தார். மீதியைச் சொல்லத்தான். பழக்கதோஷம். தங்கையின் கண்கள் அவரைப் பார்த்தன. நாலு பிள்ளைகளை நடுங்க வைக்கும் பார்வை. அவர் வாயை மூடிக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, திரைக்கு எதிரே உட்கார்ந்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து நகர்ந்தன. அவர் தொடை மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி, அடுத்த எழுத்து விழும்வரை காத்திருந்தார்.